அக்ரி காலேஜ்ல புது செமஸ்டர் ஆரம்பிக்குதா? முதல் மூணு வாரத்துல முடிக்க வேண்டியது எல்லாம் – முழு வழிகாட்டி

இன்ஜினியரிங் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ் நாலு மாசம் ஊரை சுத்திட்டு கடைசி மூணு வாரம் ராத்திரி பகலா உட்கார்ந்து தேத்திடுவாங்க, அதைப் பார்த்து நாமளும் அப்படியே ஓட்டிடலாம்னு நினைச்சா அந்தப் பருப்பு இங்க வேகாது. நமக்கு தியரி மட்டும் கிடையாது, வயல் இருக்கு, பூச்சி பிடிச்சு பின் குத்தி வைக்கிற பூச்சி பெட்டி இருக்கு, களைச்செடிய அழுத்திக் காயவெச்சு சேர்க்குற ஹெர்பேரியம் இருக்கு. இது எதுவுமே எக்ஸாம் டைம்டேபிள் பார்த்து வராது. நெல்லுக்கு அதோட நாள் கணக்கு, களை பூக்குறதுக்கு அதோட சீசன், விளக்குக்கு வண்டு வர்றதுக்கு மழை. அதனால பின்னாடி செஞ்சுக்க முடியாத வேலை எதுவோ அதை முதல்ல முடிங்க, படிப்பை எப்ப வேணா பிடிச்சுக்கலாம். கீழ எழுதியிருக்க எல்லாமே இந்தக் கணக்குலதான் போகுது.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல பி.எஸ்சி. ஹானர்ஸ் அக்ரிகல்ச்சர் படிக்கிறவங்கள மனசுல வெச்சு எழுதுறேன். மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, வாழவச்சனூர், குடுமியான்மலை, ஈச்சங்கோட்டைன்னு எந்த உறுப்புக் கல்லூரியா இருந்தாலும், இணைப்புக் கல்லூரியா இருந்தாலும் பெரும்பாலும் இதேதான். ஹார்ட்டி (தோட்டக்கலை) பசங்க நெல்லுக்குப் பதிலா தக்காளின்னு வெச்சுப் படிச்சுக்கோங்க.

படி 1: ரெஜிஸ்ட்ரேஷன், இதை ஒரே நாள்ல முடிச்சு தள்ளுங்க

பீஸ் கட்டுன ரசீது, ஹாஸ்டல் பாக்கி இல்லைங்கிறதுக்கு ஆதாரம், ஐடி கார்டு, போன செமஸ்டர் மார்க் ஷீட், எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு முதல் நாளே வார்டு கவுன்சிலர (ஊர் கவுன்சிலர் இல்ல, உங்களுக்குப் பொறுப்பா காலேஜ்ல போட்டிருக்க டீச்சர்) பார்த்துடுங்க. ஊர்லருந்து ரெண்டு நாள் லேட்டா வந்தா என்ன ஆகப்போகுதுன்னு நினைக்காதீங்க. லேட் பீஸ் போனா போகுது, அட்டென்டன்ஸ் முதல் நாள்லருந்தே ஓட ஆரம்பிச்சிடும், வாரத்துக்கு ஒரே ஒரு பிராக்டிகல் இருக்கிற பாடத்துல ரெண்டு விட்டீங்கன்னா மிச்ச நாள் பூரா ஜுரம் வந்தாக்கூட லீவு போட முடியாத நிலைமை ஆயிடும்.

அரியர் இருந்தா அதுக்கு தனியா ரெஜிஸ்டர் பண்ணணும், தானா சேர்ந்துடும்னு விட்டுடாதீங்க. எந்த செமஸ்டர்ல அந்தப் பாடம் மறுபடி வருது, எக்ஸாம் மட்டும் எழுதினா போதுமா, கிளாஸ்லயும் உட்காரணுமான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

முதல் வருஷம் சேர்றவங்களுக்கு ஆறாவது டீன்ஸ் கமிட்டி (அக்ரி படிப்புக்கு நாடு முழுக்க பாடத்திட்டம் வகுக்குற குழு) பாடத்திட்டப்படி தீக்‌ஷாரம்ப்னு ரெண்டு வாரம் இன்டக்‌ஷன் நடக்கும். சும்மா ஸ்பீச்சு கேக்குற நிகழ்ச்சின்னு டிமிக்கி குடுக்காதீங்க, லைப்ரரி எங்க, எந்த டிபார்ட்மென்ட் எந்த பில்டிங்ல, வெட்லேண்ட் (நெல் வயல் இருக்க நன்செய்) எந்தப் பக்கம்னு கேம்பஸ் புரியறதே அப்பதான். லாலி ரோடு வாசல்லருந்து எட்டு மணி பிராக்டிகலுக்கு வயலுக்கு நடந்து போய்ப் பாருங்க, எவ்ளோ தூரம்னு தெரியும். சைக்கிள் ஒண்ணு இருந்தா பாதி பிரச்சனை தீர்ந்துச்சு.

படி 2: டைம்டேபிள்ல இருக்க நம்பரை படிக்கக் கத்துக்கோங்க

பாடத்துக்குப் பக்கத்துல 2+1, 1+1, 0+1னு போட்டிருக்கும். முன்னாடி இருக்கிறது தியரி கிரெடிட், பின்னாடி பிராக்டிகல் கிரெடிட். தியரி ஒரு கிரெடிட்னா வாரத்துக்கு ஒரு மணி நேரம், பிராக்டிகல் ஒரு கிரெடிட்னா ரெண்டு, ரெண்டரை மணி நேரம் வயல்லயோ லேப்லயோ நிக்கணும். கிரெடிட் கம்மியா தெரியுதேன்னு 0+1 பாடத்தை லேசா நினைச்சா வாரத்துல ஒரு முழு காலைப்பொழுது அதுக்கே போயிடும்.

ஜிபிஏ, அதாவது செமஸ்டரோட சராசரி கிரேடு பாயின்ட், கணக்கு சிம்பிள். 100க்கு 80 எடுத்தா கிரேடு பாயின்ட் 8. அதை கிரெடிட்டால பெருக்கி, எல்லா பாடத்தையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால வகுக்கணும். 22 கிரெடிட் செமஸ்டர்னு வெச்சுக்கோங்க, 2+1 பாடத்துல 10 மார்க் குறைஞ்சா ஜிபிஏ 0.14 இறங்கும், அதே 10 மார்க் ஒரு கிரெடிட் பாடத்துல குறைஞ்சா 0.05 கூட இறங்காது. அதனால எந்தப் பாடத்துக்கு எவ்ளோ நேரம் குடுக்கணும்னு முதல் வாரமே ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. மேல்படிப்புக்கு அப்ளை பண்ணும்போது ஓஜிபிஏவத்தான் (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி) பார்ப்பாங்க, முதல் ரெண்டு செமஸ்டர்ல விட்டதை பிற்பாடு தூக்கி நிறுத்துறது ரொம்ப கஷ்டம்.

படி 3: பயிர் காலண்டரும் காலேஜ் காலண்டரும் ஒரே தாள்ல

ஒவ்வொரு கோர்ஸ் டீச்சரும் முதல் கிளாஸ்ல லெக்சர் ஷெட்யூலும் பிராக்டிகல் ஷெட்யூலும் குடுப்பாங்க. எல்லாரும் அதை போட்டோ எடுத்து வாட்சப் குரூப்ல போட்டுட்டு மறந்துடுறாங்க. நீங்க ஒரு பெரிய சார்ட் எடுத்து, மேல வாரம் 1, வாரம் 2ன்னு போட்டு, அதுக்குக் கீழ மிட் செம், பிராக்டிகல் எக்ஸாம், தியரி எக்ஸாம் எப்ப வருதுன்னு குறிங்க. அடுத்த வரியில விதைப்பு, நடவு, களை, மேலுரம், அறுப்பு. அதுக்கும் கீழ மழை. கோவையில ஜூன், ஜூலையில சாரல் விட்டு விட்டு வரும், நல்ல மழை அக்டோபர், நவம்பர்ல. அந்த மூணு வரியும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வந்ததும் எந்த வாரம் கழுத்தைப் பிடிக்கப்போகுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

படி 4: நெல் பிளாட் (இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க)

பிராக்டிகல் கிராப் புரொடக்‌ஷன் (நாமளே ஒரு பிளாட்ல பயிர் வெச்சு அறுக்குற பாடம்) வர்ற செமஸ்டரா இருந்தா மிச்ச எல்லாத்தையும் விட இதுக்குத்தான் முதல் இடம். குறுவை ரகம், கோ 51 மாதிரி, விதைச்சதுலருந்து 105, 110 நாள் எடுக்கும். செமஸ்டரே அஞ்சு மாசம் சுத்துப்பட்டுல, அதுல நிலம் தயார் பண்றது, அறுப்பு, அடிக்கிறது, காயவைக்கிறது எல்லாம் அடங்கணும். நாத்து விட ரெண்டு வாரம் லேட் ஆனா அறுப்பு நேரா தியரி எக்ஸாம் மேல வந்து விழும், காலையில எக்ஸாம் ஹால், மத்தியானம் களத்துமேடுன்னு அல்லாட வேண்டியதுதான்.

பிளாட் பிரிச்சுக் குடுத்த அன்னிக்கே போய் பாருங்க. தண்ணி வர்ற வாய்க்கா எந்தப் பக்கம், வடிகால் எது, வரப்புல நண்டு வளை இருக்கா, ஒரு மூலை மேடா இருக்கா. மட்டம் சரியில்லன்னா சேத்துழவு ஓட்டும்போதே சரி பண்ணிடணும். நட்டதுக்கு அப்புறம் மேட்டுப் பக்கம் களையும் பள்ளத்துப் பக்கம் அழுகலும் வந்து ஒரே பிளாட்ல ரெண்டு விதமா பயிர் நிக்கும், வைவால (நேர்ல கேள்வி கேக்குற வாய்மொழித் தேர்வு) அதைத்தான் முதல்ல கேப்பாங்க.

அடுத்து உரக்கணக்கு. புத்தகத்துல எல்லாமே ஹெக்டேருக்குத்தான் இருக்கும், உங்க கையில இருக்கிறது ஒரு செண்ட், ரெண்டு செண்ட். ஒரு செண்ட்டுக்கு போட்டுக் காட்டுறேன், இதை வெச்சு எத்தனை செண்ட்டுக்கு வேணாலும் பெருக்கிக்கோங்க. ஒரு செண்ட்னா சுமார் 40 சதுர மீட்டர். கோவை பகுதிக்கு குறுகிய கால நெல்லுக்கு பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ. அப்ப ஒரு செண்ட்டுக்கு தழைச்சத்து 600 கிராம், மத்த ரெண்டும் 200 கிராம். யூரியாவுல 46 சதவீதம் தழைச்சத்து, அதனால 600 கிராமுக்கு யூரியா 1.3 கிலோ. சூப்பர் பாஸ்பேட்ல 16 சதவீதம் மணிச்சத்து, அதனால 1.25 கிலோ. பொட்டாஷ்ல 60 சதவீதம், 333 கிராம் போதும். சூப்பர் முழுசும் அடியுரம். யூரியாவையும் பொட்டாஷையும் நாலு பாகமா பிரிச்சு அடியுரம், தூர் கட்டும்போது, இளங்கதிர் உருவாகும்போது, கதிர் வெளிய வரும்போதுன்னு போடணும், அதாவது ஒவ்வொரு தடவையும் யூரியா 325 கிராம், பொட்டாஷ் 83 கிராம். ஜிங்க் சல்பேட் ஹெக்டேருக்கு 25 கிலோன்னா உங்களுக்கு 100 கிராம், காஞ்ச மணல்ல கலந்து நடவுக்கு முன்னாடி தூவுங்க. மண் பரிசோதனை ரிப்போர்ட் கையில இருந்தா பொதுப் பரிந்துரையை விட்டுட்டு அதன்படி போங்க.

இந்தக் கணக்கை ஒரு தடவை கையால போட்டுட்டீங்கன்னா எந்தப் போட்டித் தேர்வுலயும் யூரியா கணக்கு உங்களை அசைக்காது. ஏஓ (வேளாண் அலுவலர்) எக்ஸாம், பேங்க் ஏஎஃப்ஓ (வேளாண் கள அலுவலர்) எக்ஸாம் எல்லாத்துலயும் இது வரும்.

விதை குறுகிய கால ரகத்துக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ, செண்ட்டுக்கு கால் கிலோ கிட்ட. சூடோமோனாஸ் (நோயைத் தடுக்குற பாக்டீரியாப் பொடி) விதை கிலோவுக்கு 10 கிராம் வீதம் தண்ணியில கலந்து ராத்திரி ஊறவெச்சு முளைகட்டி விடுங்க. நாத்து 18லருந்து 22 நாளுக்குள்ள பறிச்சு நட்டுடணும், வயசான நாத்தை நட்டா தூர் வராது. 15க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளின்னா ஒரு சதுர மீட்டர்ல 66 குத்து, ஒரு செண்ட்ல 2,600க்கு மேல. அஞ்சு பேர் குனிஞ்சு நடும்போது முதல் பத்து நிமிஷம் கயிறு பிடிச்சு அழகா போவோம், முதுகு வலி வந்ததும் இடைவெளி தானா 20, 25ன்னு ஆயிடும். யாராவது ஒருத்தர் நடாம கயிறை மட்டும் நகர்த்திட்டு இருங்க, மாத்தி மாத்தி. நட்டு ஒரு வாரம், பத்து நாள்ல பாடு விழுந்த இடத்தை நிரப்பிடணும், அதுக்காக மூலையில கொஞ்சம் நாத்தை மிச்சம் வெச்சிருங்க.

அப்சர்வேஷனுக்கு அஞ்சு குத்து தேர்ந்தெடுத்து குச்சி நட்டு, அதையே கடைசி வரைக்கும் அளங்க. வரப்போரக் குத்தை எடுக்காதீங்க, அதுக்கு வெயிலும் உரமும் கூட கிடைச்சு நல்லா தெரியும், டேட்டா பொய் சொல்லும். வயல்ல பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்க. நோட்டு சேத்துல விழுந்தா இங்க் கரைஞ்சு ஒரு மாச உயரக் கணக்கு நீலக் கறையா நிக்கும்.

விளைச்சலையும் இப்பவே மனசுல வெச்சுக்கோங்க. ஹெக்டேருக்கு 6 டன்னுன்னா உங்க ஒரு செண்ட்டுக்கு 24 கிலோ. குரூப்புல ஒருத்தன் ஒரு செண்ட்ல 40 கிலோ வந்துச்சுன்னு ரெக்கார்டுல எழுதினா அது ஹெக்டேருக்கு 10 டன், சார் சிரிச்சுட்டே கட்டம் கட்டிடுவாரு.

படி 5: பூச்சி பெட்டி – மழைக்கு முன்னாடி ரெடியா இருங்க

என்டமாலஜி (பூச்சியியல்) பாடம் இருந்தா முதல் வாரமே வலை, பூச்சியைக் கொல்ற கில்லிங் பாட்டில், பின், சிறகை விரிச்சு வைக்கிற ஸ்ப்ரெட்டிங் போர்டு எல்லாம் தயார் பண்ணிடுங்க. கில்லிங் பாட்டிலுக்கு வாய் அகலமான கண்ணாடி பாட்டில், அடியில பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊத்தி இறுகினதும் லேப்ல எத்தில் அசிடேட் கொஞ்சம் வாங்கி விட்டா போதும். பட்டாம்பூச்சியையும் வண்டையும் ஒரே பாட்டில்ல போடாதீங்க, வண்டு துடிச்சு சிறகுத் தூள் மொத்தமும் உதிர்ந்துடும். பட்டாம்பூச்சிய முக்கோணமா மடிச்ச பேப்பர் கவர்ல வெச்சுக் கொண்டு வாங்க.

எங்க பிடிக்கிறது? வெளிய தேடி அலையவே வேண்டாம். முதல் நல்ல மழை பெஞ்ச ராத்திரி ஹாஸ்டல் வராண்டா டியூப் லைட்டுக்குக் கீழ நில்லுங்க. காண்டாமிருக வண்டு, பிள்ளைப்பூச்சி, அந்துப்பூச்சி, பெரிய நீர்ப்பூச்சி எல்லாம் வரும். பகல்ல நெல் வயல்ல வலையை வீசினா கதிர் நாவாய்ப்பூச்சி, தத்துப்பூச்சி, வெட்டுக்கிளி, தட்டான். மருதமலைப் பக்கம் காட்டுக்குள்ள மட்டும் வலையத் தூக்கிட்டுப் போயிடாதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல சில பட்டாம்பூச்சிகளும் இருக்கு, மாட்டினா காலேஜ் வந்து காப்பாத்தாது.

பின் குத்துற இடம்தான் மார்க். வண்டுன்னா வலது பக்க கெட்டிச் சிறகு மேல, நடுவுல குத்தக்கூடாது. நாவாய்ப்பூச்சி வகைக்கு முதுகுல இருக்க முக்கோணத் தகடு. வெட்டுக்கிளிக்கு கழுத்துத் தகட்டோட பின்பக்கம் வலது ஓரமா. அந்துப்பூச்சி, பட்டாம்பூச்சி, தட்டானுக்கு நெஞ்சு நடுவுல. பட்டாம்பூச்சிக்கு முன்சிறகோட பின் ஓரம் உடம்புக்கு நேர் செங்குத்தா நிக்கற மாதிரி விரிச்சு காயவிடணும். ரொம்பச் சின்னப் பூச்சிக்கு பின் வேண்டாம், முக்கோண அட்டை நுனியில ஒட்டிடுங்க. பூச்சி விறைச்சுப் போச்சுன்னா ஈர மணல் போட்ட டப்பாவுல ஒரு நாள் மூடி வெச்சா மூட்டு இளகும், அவசரப்பட்டு விரிச்சா கால் கையோட வந்துடும். அந்துருண்டை மறக்காதீங்க, இல்லன்னா எறும்பு உங்க பெட்டியில கலெக்‌ஷன் நடத்திடும்.

சீனியர் பெட்டிய வாங்கி லேபிள் மாத்துறது பத்தி. எல்லாருக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். மூணு வருஷம் பழசான தட்டானோட கண்ணு நிறம் செத்து பழுப்பா இருக்கும், பார்த்த உடனே பிடிச்சிடுவாங்க. அதை விட, வைவால "இதை எங்க பிடிச்ச, எந்தச் செடியில இருந்துச்சு"ன்னு ஒரு கேள்விதான் கேப்பாங்க, அதுக்கு முழிச்சா மிச்சப் பெட்டியும் சந்தேகத்துல போயிடும். லேபிள்ல இடம், தேதி, எந்தப் பயிர், யார் பிடிச்சதுன்னு பிடிச்ச அன்னிக்கே எழுதுங்க.

படி 6: களை ஹெர்பேரியம்

பூவோட, முடிஞ்சா வேரோட எடுத்தாத்தான் அது ஹெர்பேரியம். கோரையைக் கிழங்கோட தோண்டணும், அருகம்புல்லை ஓடுதண்டோட. சாரணை, குப்பைமேனி, தொய்யக்கீரை, கீழாநெல்லி, பார்த்தீனியம் எல்லாம் மானாவாரி வயல் ஓரத்துலயே கிடைக்கும், கரிசலாங்கண்ணியும் ஆராக்கீரையும் வெட்லேண்ட் வரப்புல. நியூஸ்பேப்பருக்கு நடுவுல வெச்சு மேல வெயிட் ஏத்தி, முதல் சில நாள் தினமும் பேப்பர மாத்துங்க. சாரணை மாதிரி சாறு நிறைஞ்ச செடிக்கு பேப்பர் மாத்தலன்னா பூஞ்சை பிடிச்சு கறுத்துடும். ஹாஸ்டல் ரூம்ல வெயிட்டுக்கு மெத்தைக்குக் கீழ வெச்சு மேல படுக்கிற டெக்னிக் தலைமுறை தலைமுறையா வேலை செய்யுது.

தமிழ் மீடியத்துலருந்து வந்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இங்கிலீஷ் லெக்சர் முதல் மாசம் தலைக்கு மேல போகும், பரவாயில்ல. ஆனா களை, பயிர், பூச்சி விஷயத்துல உங்க கிட்ட ஏற்கனவே பேர் இருக்கு. நோட்டுல ரெண்டு காலம் போட்டு கோரைன்னா சைபெரஸ் ரொட்டண்டஸ், அருகுன்னா சைனோடான் டாக்டிலான், புகையான்னா நிலாபர்வதா லூஜென்ஸ்னு எழுதிட்டே வாங்க. சிட்டியில படிச்சு வந்தவன் பேரையும் படிக்கணும் செடியையும் தெரிஞ்சுக்கணும், உங்களுக்கு பேர் மட்டும்தான் பாக்கி.

படி 7: ரெக்கார்டு

அந்தந்த வாரம் எழுதி அடுத்த வாரம் சைன். இதுல தந்திரம் ஒண்ணும் கிடையாது. பத்து ரெக்கார்ட கடைசியில மொத்தமா தூக்கிட்டுப் போனா சார் ஊர்ல இருக்க மாட்டாரு, கான்ஃபரன்ஸ் போயிருப்பாரு.

படி 8: பணம், ஸ்காலர்ஷிப்

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் இ-சேவையில வாங்க நாள் எடுக்கும், ஊர்ல இருக்கும்போதே அப்ளை பண்ணிட்டு வாங்க. அரசுப் பள்ளியில 6லருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய், பசங்களுக்கு 2024லருந்து தமிழ்ப் புதல்வன்ல அதே 1,000. அரசுப் பள்ளி மாணவங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வந்தவங்களுக்கு பீஸ், ஹாஸ்டல் செலவு அரசு ஏத்துக்கும், அதுக்கான பேப்பர்ஸ் ஆபீஸ்ல சரியா போய் சேர்ந்துச்சான்னு ஒரு தடவை நேர்ல பார்த்துடுங்க. பேங்க் அக்கவுன்ட்ல ஆதார் இணைச்சிருக்கான்னும் பாருங்க, பாதிப் பேருக்கு பணம் நிக்கிறது அங்கதான்.

படி 9: ஃபைனல் இயர், ராவே போறவங்களுக்கு

ராவேங்கிற கிராமத் தங்கல் 1992ல ரந்தாவா கமிட்டி சொன்னதுலருந்து நாடு முழுக்க அக்ரி காலேஜ்ல இருக்கு. உங்களுக்கு வர்ற செமஸ்டர்னா கிளாஸ் ரூம் கணக்கே மாறிடும். கிளம்புறதுக்கு முன்னாடி அந்த வட்டாரத்துல என்ன பயிர், எப்ப விதைப்புன்னு தெரிஞ்சுக்கோங்க, பருத்தி ஊருக்கு நெல் சார்ட்ட எடுத்துட்டுப் போய் விவசாயி முன்னாடி நின்னா அவரே பாவம்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவாரு. முதல் நாள் நோட்டும் கையுமா கேள்வி கேக்காதீங்க, அவர் வேலை செய்யற இடத்துக்குப் போய் கூட ரெண்டு வேலை செய்யுங்க, அண்ணா, ஐயான்னு பேச்சு தானா வரும். சாயங்காலம் டீக்கடையில கிடைக்கிற தகவல்ல பாதி சர்வே ஃபார்ம்ல கிடைக்காது.

மண் மாதிரி எடுத்துக் காட்டச் சொல்லிக் கண்டிப்பா கேப்பாங்க, அதை இங்கயே ஒரு தடவை பழகிட்டுப் போங்க. வரப்போரம், எருக் குழி, மரத்தடி, வாய்க்காக்கரை எல்லாம் விட்டுட்டு, வயல்ல குறுக்கும் நெடுக்குமா பத்துப் பதினஞ்சு இடத்துல மேல இருக்க சருகை ஒதுக்கிட்டு, 'வி' மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணை அப்படியே தள்ளிட்டு ஓரத்துலருந்து ஒரே கனத்துல மேலருந்து கீழ சுரண்டி எடுங்க. எல்லாத்தையும் ஒரு சாக்குல கொட்டி கலந்து, வட்டமாப் பரப்பி நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளிட்டு மறுபடி கலக்கி மறுபடி பிரிச்சு, அரை கிலோ வர்ற வரைக்கும் இப்படியே. உரம் வந்த சாக்கை இதுக்கு எடுக்காதீங்க, அதுல ஒட்டியிருக்க யூரியா ரிப்போர்ட்டையே மாத்திடும். நிழல்ல காயவெச்சு, துணிப் பையில போட்டு, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு ரெண்டு சீட்டு வைங்க: விவசாயி பேர், சர்வே நம்பர், போன வருஷம் போட்ட பயிர், அடுத்து போடப்போற பயிர். அடுத்த பயிர் எதுன்னு எழுதாம அனுப்பினா லேப்ல எந்தப் பயிருக்கு உரப் பரிந்துரை போடுறதுன்னு தெரியாம பையி அப்படியே கிடக்கும், நீங்க ஊரை விட்டுக் கிளம்புறதுக்குள்ள அவர் கைக்கு ரிப்போர்ட் வராது.